வாசலில் கேட்காத கேள்வி

“இந்த மரத்த நாம வாங்காம விட்டா, இது என்ன ஆகும்?”

பூமயில் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆலைப் பொறியாளர் செலின் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். பூமயில் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஒரு கேள்வி கேட்டபோதும் இப்படித்தான் நின்றாள். பீரியட் முடியும்வரை நின்றாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதன்பிறகு எந்நாளும் போகவில்லை.

செலின் சிரித்துவிட்டாள். “ஒன்னப் பதில் சொல்லச் சொல்லல. இனிமே நீதான் இத எல்லார்ட்டயும் கேக்கணும். அதுதான் ஒன் வேலை.”

சிறுகரையேந்தல் மரநெய் ஆலையில் அதைவிடச் சுலபமான வேலை கிடையாது என்று ஊரே சொன்னது. வாசலில் நிழற்கூண்டு, ஒரு நாற்காலி, ஐந்து பொத்தான் வைத்த ஒரு பலகை. மரம் ஏற்றிய வண்டி வந்து நின்றால் ‘மூக்கு’ என்று எல்லோரும் கூப்பிடும் மோப்பமானி மேலிருந்து இறங்கி, சுமையை ஒருமுறை முகர்ந்து, என்ன மரம், எத்தனை வயது, எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடும். கருவேலத்துக்குள் ஒரு கட்டை வேம்பை ஒளித்துவைத்தாலும் கண்டுபிடித்துவிடும். அந்த மூக்கால் கண்டுபிடிக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த மரம் ஏன் வெட்டப்பட்டது என்பது. அதைக் கேட்கத்தான் ஆள் வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், ஆனால் உள்ளூர் ஆளாக இருக்க வேண்டும் என்றார்கள். உள்ளூர் ஆளை யாரும் ஏமாற்ற முடியாது என்பது ஆலைக்காரர்கள் நினைப்பு.

அந்த ஒரு கேள்வியின் மேல்தான் மரநெய் என்ற சரக்கே நின்றது.

மரம் வளரும்போது காற்றிலிருக்கும் கரியைக் குடிக்கிறது. அந்த மரத்தை ஆலையில் ஆவியாக்கி எண்ணெயாக்கினால், குடித்த கரியில் பாதி எண்ணெய்க்குள் போய், வண்டிப் புகையாக மறுபடி காற்றுக்கே போய்விடும். மறு பாதி ஆலையிலேயே கரியமில வாயுவாக வெளிவரும். அதைப் புகைபோக்கிக்கு விடாமல் ‘கரிப்பிடி’ என்ற கோபுரம் பிடித்துக்கொள்ளும். பிடித்த வாயுவை நீர்போல் ஆகும்வரை அழுத்தி, ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் உப்புநீர் ஊறிய மணற்பாறைக்குள் இறக்கிவிடுவார்கள். அந்தக் குழாய்களுக்குப் புதைகிணறு என்று பெயர். அங்கே படுத்த கரி ஆயிரம் வருடத்துக்கு எழுந்திருக்காது. எனவே வண்டி ஓட ஓடக் காற்று சுத்தமாகும்.

கேட்பதற்கு மந்திரம்போல இருக்கும். ஆனால் கணக்கு சரிதான், ஒரே ஒரு நிபந்தனை. அந்த மரம் எப்படியும் மக்கவோ எரியவோ இருந்த மரமாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்மாய்களையெல்லாம் சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டு கிடந்தது. வெட்டினால் போதும், யாராவது கொண்டுபோனால் போதும் என்று எல்லோரும் கும்பிட்டார்கள். ஆலை வந்து அதைத் தின்றது.

பிடித்துப் புதைப்பதற்குத்தான் பெரிய செலவு. ஆலை உண்டாக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கரிப்பிடியே விழுங்கிவிடும். காற்றைக் கழுவித் தருகிறார்களே என்று பெரிய நகரங்கள் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டன. அதனால் பங்க்கில் மரநெய் தண்ணீர் பாட்டில் விலைக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வண்டியிலும் வேகமானிக்குப் பக்கத்தில் ‘கழிமானி’ என்று ஒன்றைப் பொருத்தினார்கள். இந்த வண்டி காற்றிலிருந்து எத்தனை கிலோ கரியைக் கழித்திருக்கிறது என்று பச்சை எழுத்தில் காட்டும். ஓட்ட ஓட்ட எண் கூடும்.

முதலில் தேவைக்கு ஓட்டினார்கள். பிறகு எண்ணுக்காக ஓட்டினார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்குப் பின்னால் நான்கு டிராக்டர்களை மூன்று நாள் சும்மா ஓடவிடுவது கௌரவமாயிற்று. வீட்டுக்கு வந்தவர் வாசலில் வண்டியை அணைத்தால், இந்த வீட்டுக் காற்று நன்றாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறாரோ என்று முகம் சுண்டினார்கள். ‘காற்றைக் கழுவிய வள்ளல்’ என்று கழிமானி எண்ணோடு பிளக்ஸ் வைத்துக்கொண்ட ஒருவர் பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்தும் விட்டார். எல்லோர் வீட்டிலும் வண்டி வந்ததால் கமுதியிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ் ஆளில்லாமல் நின்றுபோயிற்று. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. மூன்றே வருடத்தில் கருவேலம் தீர்ந்தது. ஆலையின் வாய் மட்டும் மூடவில்லை.

பூமயில் அந்தக் கேள்வியை ஒரே ஒருவரிடம்தான் கேட்டிருந்தாள். முதல் நாள், முதல் வண்டி. அவளுடைய தாய்மாமன் சன்னாசி, டிராக்டர் நிறையக் கருவேலக் கட்டைகளோடு வந்தார். செலின் சொல்லிக் கொடுத்தபடியே, தலையைக் குனிந்துகொண்டு, இதை வாங்காவிட்டால் இது என்ன ஆகும் என்று கேட்டாள். பின்னால் எட்டு வண்டிகள் நின்றன. சன்னாசி இறங்கி வந்தார்.

“யார்ட்டத்தா கேக்குற? ஒன் தாய்மாமன்ட்டயா? களவாண்டு வந்தேன்டு எழுதிக்க.”

எட்டு வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். சன்னாசி சிரிக்கவில்லை. அந்த மாதம் பூமயிலின் தங்கைக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் வந்தது. தட்டுகளை வரிசையாக வைத்தார். பூமயில் நின்ற பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. மூன்று மாதம் அவர் அவளோடு பேசவில்லை. அம்மா அந்த மூன்று மாதமும் அவளுக்குச் சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டாள்.

வந்தவரிடம் வந்த காரியத்தை எடுத்தவுடன் கேட்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடான சீமை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். குடித்து முடித்து, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசி, அவர்களாகவே சொல்வார்கள். அதற்கு முன்னால் கேட்டால் நீ எதற்கு வந்தாய் என்று விரட்டுவதுபோல. பூமயிலுக்கு இது பிறந்ததிலிருந்து தெரியும். எனவே நிழற்கூண்டில் ஒரு மண்பானையும் சொம்பும் வைத்துக்கொண்டாள். வண்டி வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுப்பாள். அவர்களாகச் சொல்லட்டும் என்று நிற்பாள். அவர்கள் வெயிலைப் பற்றிச் சொன்னார்கள். மழையைப் பற்றிச் சொன்னார்கள். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னால் ஹாரன் அடித்தது.

பலகையில் ஐந்து பொத்தான்கள்: களை, காற்றில் விழுந்தது, பட்டுப்போனது, கட்டடக் கழிவு, இதற்காகவே வெட்டியது. முதல் நான்கில் எதை அழுத்தினாலும் தடுப்புக் கம்பு எழும்பும். ஐந்தாவதை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிந்து கம்பு பூட்டிக்கொள்ளும். பூமயில் இரண்டாவதை அழுத்தினாள். அப்புறம் அதுவே பழக்கமாயிற்று. வண்டிக்காரர் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போதே அவள் விரல் பொத்தானில் இருக்கும்.

ஆறு வருடம் அப்படிப் போயிற்று. ஆறு வருடத்தில் புயல் என்று ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. பலகையின் கணக்குப்படி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள் காற்றில் விழுந்திருந்தன.

யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. யாராவது வாய்கூசாமல் ஒரு பொய் சொல்லியிருந்தால், அந்தப் பாவத்தில் பாதியாவது அவர்கள் பக்கம் போயிருக்கும்.

செலினுக்கு அந்த ஊரில் பூமயிலோடு மட்டும்தான் நெருக்கம். இராமேசுவரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. பூமியடிப் பாறைகளைப் படித்தவள். பதினோரு புதைகிணறுகளும் அவள் இறக்கியவை. தினமும் காலையில் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். ஆலையில் அவள் ஸ்கூட்டர் ஒன்றுதான் மின்சாரத்தில் ஓடியது. ஏன் மேடம் என்று பூமயில் ஒருமுறை கேட்டதற்கு, நாற்றம் பிடிக்காது என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கோடையில் வான்கண் செய்தி வந்தது. மேலே சுற்றும் வான்கண்கள் ஒவ்வொரு மாவட்டத்துக்கு மேலும் காற்றில் எவ்வளவு கரி ஏறுகிறது, இறங்குகிறது என்று அளப்பவை. புதிதாக ஏற்றியது ஒன்று இந்தப் பக்கத்தை ஒரு வருடம் உற்றுப் பார்த்தது. கழிமானிகளையெல்லாம் கூட்டினால் இறங்கியிருக்க வேண்டிய கரி இறங்கவில்லை. ஏறியிருந்தது.

மண்ணுக்கடியில் வைத்தது எங்கோ ஒழுகுகிறது என்று முடிவு செய்தார்கள். வேறு எதை நினைப்பது? காற்றுக் கணிப்பு ஆணையத்திலிருந்து நித்திலன் என்ற ஆய்வாளர் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினார். ஐந்து நாள் அவகாசம் கொடுத்தார். செலின் ஒழுகும் இடத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதினோரு கிணறுகளையும் அடைத்துவிட்டுக் கரிப்பிடியை நிறுத்த வேண்டும். செலினுடைய உரிமமும் போகும்.

ஆலை மேலாளருக்கு இதில் பெரிய வருத்தம் தெரியவில்லை. நகரங்கள் தரும் கொடை அடுத்த வருடத்தோடு முடிகிறது. நாட்டில் ஓடும் எஞ்சின்கள் முக்கால்வாசி மரநெய்க்கு மாறியாகிவிட்டது. இனி அவை வேறெதையும் குடிக்காது. கரிப்பிடியை நிறுத்தினால் மூன்றில் ஒரு பங்குச் சூடு மிச்சம். கிணறு ஒழுகுகிறது என்று ஆணையமே சொல்லிவிட்டால் பழி ஆலைமேல் வராது. கேன்டீனில் இதை அவர் பாதி சிரிப்போடு சொன்னதாக வாசல்வரை பேச்சு வந்தது. மரம் வாங்குவதை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை.

பூமயில் நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற இடம் எது என்று அந்த ஆலையில் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அது மண்ணுக்கடியில் இல்லை. நிழற்கூண்டில், ஒரு நாற்காலியில், மஞ்சள் சேலை கட்டி உட்கார்ந்திருந்தது.

நான்காம் நாள் உச்சி வெயிலில் அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏழாம் கிணற்றுக்குப் போனாள். செலின் கிணற்று மூடியருகே குப்புறப் படுத்து, வாயு முகரும் கருவியை ஒவ்வொரு திருகாணியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். முழங்கைகள் இரண்டும் இரும்புச் சூட்டில் கொப்பளித்திருந்தன. தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியை முகத்தில் ஊற்றிக்கொண்டாள்.

“நாலு நாளா தேடுறேன். ஒரு சொட்டு இல்ல. என் கெணறு ஒழுகல பூமயில், ஆனா அத நம்ப எனக்கே இப்ப பயமா இருக்கு.” வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். “வாசல்ல எல்லாம் சரியாத்தான இருக்கு?”

பூமயில் தலையாட்டினாள்.

செலின் அதற்குமேல் கேட்கவில்லை. ஆறு வருடமாகத் தினம் காலையில் அந்த வாசலில் நின்று தண்ணீர் குடித்தவள். மாமரமும் வேம்பும் பச்சை இலையோடு உள்ளே போவதைப் பார்த்தவள். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டதன் அர்த்தம் பூமயிலுக்குத் திரும்பி வரும் வழியில்தான் புரிந்தது. கேட்பதற்குக் கூச்சப்படுகிறவள் தான் ஒருத்தி மட்டுமில்லை. ஆனால் அந்த நினைப்பில் ஆறுதல் இல்லை. தலையாட்டியது அவள்தான். வாய் திறக்காததைக் கூச்சம் என்று சொல்லிக்கொள்ளலாம். தலையாட்டியதை என்னவென்று சொல்வது? கழுத்து அன்று முழுக்கச் சுளுக்கிக்கொண்டதுபோல இருந்தது.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு நித்திலன் கிளம்பத் தயாரானார். கார் ஏற்கெனவே வாசலருகே ஓடிக்கொண்டிருந்தது. சொல்லப்போனால் ஐந்து நாளும் அது பகலெல்லாம் அங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆணையத்து வண்டிகளை அணைப்பதில்லை. கிணறுகளை அடைக்கும் உத்தரவில் செலின் வாசலில் வைத்தே கையெழுத்துப் போட வேண்டும். நித்திலன் கெட்ட மனிதரில்லை. உத்தரவை நீட்டும்போது அவர் கை தயங்கியது.

அப்போதுதான் சன்னாசியின் டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரே ஒரு மரம். அடிமரம் மட்டும் மூன்று துண்டு. கிளைகளில் இலை வாடக்கூட இல்லை. மூக்கு இறங்கி முகர்ந்தது. இலுப்பை, நூற்றுப் பத்து வயது, ஈரம் நாற்பத்தெட்டு என்றது.

ஊருக்குள் இலுப்பை ஒன்றுதான் இருந்தது. பஸ் நிறுத்தத்து இலுப்பை. அதன் நிழலில் நின்றுதான் ஊரே கமுதிக்கும் பரமக்குடிக்கும் போய் வந்தது.

பூமயில் சொம்பை நீட்டினாள். சன்னாசி அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, காரையும் அதிகாரியையும் பார்த்து, இன்னைக்கு என்னத்தா கூட்டம் என்று விசாரித்தார். நல்ல மனநிலையில் இருந்தார். அவள் விரல் இரண்டாவது பொத்தானின் மேல் இருந்தது. செலின் பேனாவைத் திறந்துகொண்டிருந்தாள். முழங்கைக் கொப்பளத்தில் சட்டை ஒட்டியிருந்தது.

“மாமா,” என்றாள் பூமயில். அவளுக்கே கேட்காத குரலில் வந்தது. மறுபடி சொன்னாள். “மாமா. இத நாங்க வாங்காம விட்டிருந்தா, இது என்ன ஆயிருக்கும்?”

சன்னாசி சிரித்தார். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். பேனா நின்றது. பின்னால் வந்த இரண்டு டிராக்டர்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போதாவது மாமன் ஒரு பொய் சொல்லிவிட மாட்டாரா என்று பூமயிலுக்கு இருந்தது. காற்றில் விழுந்தது என்று சொன்னால் போதும். அவள் கேட்டதாகவும் ஆயிற்று, அவர் சொன்னதாகவும் ஆயிற்று. ஆனால் சன்னாசி வாழ்நாளில் கேட்டதற்குப் பொய் சொன்னதில்லை. அந்த வீம்பு அவருக்கு உண்டு.

“என்ன ஆயிருக்கும்? நின்டுக்கிட்டிருக்கும்,” என்றார்.

ஐந்தாவது பொத்தானில் ஆறு வருடத் தூசி இருந்தது. அழுத்தியதும் உடனே வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை பலமாக அழுத்த வேண்டியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பு பூட்டிக்கொண்டது. அப்படி ஒரு விளக்கு அங்கே இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

நித்திலன் பலகைக்குப் பக்கத்தில் வந்தார். விஷயம் தெரிந்தவர், ஆதலால் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இதுபோல எத்தனை என்று மட்டும் கேட்டார்.

பூமயில் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். முதலில் தங்கள் வீட்டுக் கொல்லைப் பூவரசு. அம்மா விற்றது, தான் பொத்தான் அழுத்தியது. அதன்பிறகு மேலக்குடித் தோப்பில் நாற்பத்தாறு மா. பள்ளிக்கூடத்து வேம்பு ஆறு. கண்மாய்க் கரை நாவல் முழுக்க. ஐயனார் கோயில் புளி இரண்டு. கருவேலம் தீர்ந்தபிறகு வந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு நின்ற மரம். யார் கொண்டுவந்தது என்று அவள் சொல்லவில்லை. மரத்தை மட்டும் சொன்னாள். ஆனால் எந்த மரம் யாருடையது என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாதா? ஒரு டிராக்டர்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பதுபோல் மூடிக்கொண்டார். அவள் நீளமாகப் பேசிப் பழகாதவள்; ஒருமுறை திறந்த வாய் நிற்கவில்லை.

“இவங்க யாரும் பொய் சொல்லல சார். நான் கேக்கவே இல்ல,” என்று முடித்தாள்.

கையெழுத்துப் போடாத உத்தரவு செலின் கையிலேயே இருந்தது. அவள் கிணறுகள் ஒழுகவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவள் தரையில் கிடந்த இலுப்பை இலை ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாலு வண்டி மரம் வந்தா ரெண்டு வண்டிக் கரிய நான் பொதச்சேன்,” என்றாள் மெதுவாக. “மிச்சம் ரெண்டும் புகையாப் போச்சு. வெட்டாம விட்டிருந்தா நாலுமே மேலயே நின்னிருக்கும். செலவே இல்லாம.”

சன்னாசிக்கு இந்தக் கணக்கெல்லாம் பாதிதான் புரிந்தது. ஆனால் தன்னை நாலு பேர் முன்னால் நிற்க வைத்துவிட்டார்கள் என்பது முழுதும் புரிந்தது. அவர் அதிகாரி பக்கம் திரும்பினார்.

“சார், நானும் ஒண்ணு கேக்குறேன். கேக்குறதுக்கு இன்னைக்குத்தான் தொறந்து விட்டுட்டாகளே. இந்த எண்ணெ இல்லாட்டி நீங்க மெட்ராஸ்லேர்ந்து எப்புடி வந்திருப்பீக?”

“ரயில்ல,” என்றார் நித்திலன்.

“மானாமதுரைல எறங்கி?”

“அங்கேர்ந்து பஸ்ல.”

“பஸ்ஸுல வந்து எங்க எறங்குவீக?” சன்னாசி டிரெய்லரைக் கையால் தட்டினார். “இதுக்குக் கீழதான் எறங்கணும். நீங்க ஒருத்தரும் எறங்காததாலதான நான் வெட்டுனேன். நிக்க ஆளில்லாத நெழல் எதுக்கு?”

கார் ஓடும் சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். கண்ணாடி வழியே கழிமானியின் பச்சை எண் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கூடியது. நித்திலன் போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

“சரி, கேட்டாச்சு, சொல்லியாச்சு,” என்றார் சன்னாசி. “இப்ப இத என்ன செய்ய? திரும்ப நட முடியுமா? நீங்க வாங்காட்டி இப்ப இது மக்கித்தான் போகும்.”

நித்திலன் தன் கைப்பலகையில் விதியைத் தேடினார். இரண்டு முறை படித்தார். அவருக்கே அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. விதி கேட்பது ஒன்றைத்தான்: வாங்காவிட்டால் என்ன ஆகும்? இப்போது வாங்காவிட்டால் மக்கும். அப்படியானால் விதிப்படி இப்போது இது பட்டுப்போன மரம். மூன்றாவது பொத்தானை அழுத்தி உள்ளே விடலாம், தவறில்லை. கிணறுகளும் பிழைத்தன. இனிமேல் வருவதை ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லோரும் பூமயிலைப் பார்த்தார்கள். சன்னாசியும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் குறைந்திருந்தது. அவளுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்துவிட்டு நிற்பதுபோல இருந்தது. தங்கையின் கல்யாணம் தை மாதம். தாய்மாமன் இல்லாமல் மணமேடை கிடையாது. ஒரு பொத்தான்தான். இந்த முறை பொய்யும் இல்லை, அதிகாரியே சொல்லிவிட்டார்.

அவள் விரல் மூன்றாவது பொத்தான்வரை போயிற்று. பின்னால் நின்ற இரண்டு டிராக்டர்களை அப்போது பார்த்தாள். ஒன்றில் பனை, ஒன்றில் மா. எல்லாம் வெட்டிய மரம். நாளைக்கு வருவதும் வெட்டிய மரமாகத்தான் வரும். வாசலுக்கு நின்ற மரம் எப்போதாவது வந்திருக்கிறதா? அந்தக் கேள்வியை வெட்டுவதற்கு முன்னால், மரத்தடியில் போய்க் கேட்டிருக்க வேண்டும். அதை வாசலில் கொண்டுவந்து வைத்தவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது.

கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“கொண்டு போயிருங்க மாமா,” என்றாள். சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

சன்னாசி கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பூமயில் அதற்குத்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் கத்தவில்லை. தரையில் வைத்த சொம்பு வைத்தபடியே நிரம்பி இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போய் டிராக்டரில் ஏறினார். அவர் எஞ்சினை முடுக்கியதும் கழிமானியில் பச்சை எண் எரிந்தது. டிரெய்லரைப் பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, குறுகிய வாசலில் நாலைந்து முறை திருப்ப வேண்டியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் எண் கூடியது. வண்டி திரும்பியதும் இலுப்பையின் கிளையொன்று நிழற்கூண்டை உரசி ஒரு பிடி இலையைப் பலகைமேல் உதிர்த்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றி வந்த மரத்தோடு, வந்த வழியே போனார்.